துப்பாதீங்க, அத்தை

பல் எடுத்துவிட்டு வீட்டுக்கு வருகிறவர் வாசற்படி ஏறியதும் செய்ய நினைக்கும் முதல் காரியம், கொல்லைப்பக்கம் போய் வாய் நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்துத் துப்புவதுதான். வாயில் இரத்தச் சுவை இருக்கிறது, அருவருப்பாக இருக்கிறது, வேறென்ன செய்வார்? வேண்டாதது வாயில் இருந்தால் கொப்பளித்துத் துப்பு என்றுதான் சின்ன வயதிலிருந்து பழக்கியிருக்கிறார்கள். ஆனால் பல் எடுத்த அன்று செய்யக் கூடாதவற்றில் முதலில் வருவதும் அதுதான்.

கும்பகோணத்தில் இருக்கும் என் அத்தைக்கு, அப்பாவின் அக்காவுக்கு, போன வருஷம் கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்றை எடுத்தார்கள். எழுபதைத் தாண்டியவர். சர்க்கரை உண்டு. இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து தினமும் ஈகோஸ்பிரின், அதாவது இரத்தம் உறைவதைக் குறைக்கும் ஆஸ்பிரின் மாத்திரை. சாப்பாடு ஆனதும் வெற்றிலை போட்டே ஆக வேண்டும். பல் எடுத்தவரிடம் எதையெல்லாம் கவனிக்கச் சொல்வார்களோ அத்தனையும் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்தன. அவரைப் பார்த்துக்கொள்ள நான் போய்த் தங்கினேன். மருத்துவர் சொன்னது ஒரு பக்கம். வந்து பார்த்த சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் அன்போடு சொன்னது இன்னொரு பக்கம். இரண்டும் பெரும்பாலும் நேர் எதிராக இருந்தன. சூடாக ஒத்தடம் கொடு, மஞ்சளை அப்பு, நன்றாகக் கொப்பளி, சூடாக ஏதாவது குடி, இரத்தத்துக்கான மாத்திரையை இரண்டு நாள் நிறுத்து. மாத்திரை விஷயம் தனி. மற்றவை ஏன் கூடாது என்பதற்கு விடை ஒன்றேதான். அது புரிந்துவிட்டால் வீட்டுப் பராமரிப்பில் முக்கால்வாசி தானாகவே புரிந்துவிடும்.

பல்லை எடுத்தால் தாடை எலும்பில் ஒரு குழி மிஞ்சுகிறது. அதில் இரத்தம் நிறைந்து உறைகிறது. இரத்தத்தில் உள்ள தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, ஃபைப்ரின் என்ற புரத இழைகள் அவற்றைச் சுற்றிப் பின்னிக்கொள்ள, குழிக்குள் கருஞ்சிவப்பாக ஒரு கட்டி உண்டாகிறது. அடியில் இருக்கும் எலும்புக்கும் நரம்பு நுனிகளுக்கும் அதுதான் மூடி. புதுச் சதை வளர்ந்து வரப் பிடிமானமும் அதுதான். முழங்காலில் சிராய்த்தால் பொருக்குத் தட்டுகிறதே, அந்த வேலையைத்தான் வாயில் இது செய்கிறது. ஆனால் முழங்கால் பொருக்குக் காய்ந்து கெட்டியாகிவிடும். வாய்க்குள் காய வழியில்லை. எச்சிலில் ஊறியபடி, கொழகொழவென்று, லேசாக இழுத்தாலே வந்துவிடும் நிலையில்தான் முதல் ஒரு நாள் இருக்கும். கொப்பளித்தால் அலசிக்கொண்டு போகும். துப்பினாலோ உறிஞ்சினாலோ வாய்க்குள் உண்டாகும் இழுவையில் பெயர்ந்துவிடும். சூடு பட்டால் இரத்தக் குழாய்கள் விரிந்து மறுபடி கசியும். அதனால் முதல் 24 மணி நேரமும் அந்தக் கட்டியைக் காப்பதுதான் வேலை.

மருத்துவர் குழியின் மேல் துணிப்பஞ்சை மடித்து வைத்துக் கடிக்கச் சொல்வார். அரை மணியிலிருந்து முக்கால் மணி வரை விடாமல் கடித்திருக்க வேண்டும். மெல்லக் கூடாது, நின்றுவிட்டதா என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்கவும் கூடாது. எடுக்கும்போதெல்லாம் உறைய ஆரம்பித்ததும் சேர்ந்து வந்துவிடும். பேச்சையும் குறைக்க வேண்டும். அத்தைக்கு இதுதான் பெரும்பாடு. நலம் விசாரிக்க வந்த ஒவ்வொருவருக்கும் நடந்ததை முதலிலிருந்து சொல்ல ஆசைப்பட்டார். நான் குறுக்கே நின்று கதையை எடுத்துச் சொல்லும்படி ஆயிற்று.

ஊறும் எச்சிலை விழுங்கிவிட வேண்டும். "ஏம்மா, ரத்தத்தைப் போயி எப்படி முழுங்குறது?" என்று அத்தை முகம் சுளித்தார். "அது ரத்தம் இல்ல அத்தை, எச்சில்தான். ஒரு சொட்டு ரத்தம் கலந்தாலே எல்லாம் செவப்பாத் தெரியும். துப்பாதீங்க அத்தை, துப்புனா நிக்காது" என்றேன். அன்று முழுக்க இதைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். விழுங்கவே முடியாதவர்கள் குனிந்து, எச்சிலைத் தானாக வழியவிட்டு, துணியால் ஒற்றிக்கொள்ளலாம். ஒரு நாள் வரை எச்சில் இளஞ்சிவப்பாக வருவது இயல்புதான். வாய் நிறைய இரத்தம் ஊறிக்கொண்டே இருந்தால் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து, சுத்தமான துணிப்பஞ்சை நனைத்துப் பிழிந்து, மடித்து, குழியின் மேல் வைத்து இன்னொரு இருபது, முப்பது நிமிஷம் அழுத்திக் கடிக்க வேண்டும். வீட்டில் தேநீர்ப் பை இருந்தால் அதை நனைத்து ஆறவைத்துக் கடிக்கலாம். தேயிலையில் உள்ள டானின் இரத்தம் உறைய உதவும். உதிரிப் பஞ்சு வேண்டாம். அதன் இழைகள் கட்டியில் ஒட்டிக்கொண்டு, எடுக்கும்போது கட்டியையும் பெயர்த்துவிடும். இரண்டு முறை இப்படிக் கடித்தும் நிற்கவில்லை என்றால் மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

ஈகோஸ்பிரின் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பல் எடுப்பதற்கு முன்பே உறவினர் ஒருவர், "ரத்தம் நிக்காது, மாத்திரைய நிறுத்திடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனசோடு சொன்னதுதான். ஆனால் ஸ்டென்ட் வைத்தவர் தாமாக அந்த மாத்திரையை நிறுத்தினால், ஸ்டென்டுக்குள் இரத்தம் உறைந்து மாரடைப்பு வரும் ஆபத்து இருக்கிறது. ஒரு பல் எடுத்த குழியில் வரும் கசிவைக் கடித்து நிறுத்திவிடலாம், தையல் போட்டும் நிறுத்தலாம். அதை இதய நாளத்தில் செய்ய முடியாது. சாதாரணமாக ஓரிரு பல் எடுப்பதற்கு, குறைந்த அளவு ஆஸ்பிரினைத் தொடரச் சொல்வதே இன்றைய மருத்துவ வழக்கம். இரத்தம் உறையாமல் தடுக்கும் இன்னொரு மருந்தான வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு, இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையை முன்கூட்டியே பார்ப்பார்கள். எதுவானாலும் அந்த மருந்தை எழுதிய மருத்துவரும் பல் மருத்துவரும் பேசி முடிவெடுக்க வேண்டியது. அத்தைக்கு மாத்திரையை நிறுத்தவில்லை. ஒரு தையல் போட்டு, பஞ்சைக் கூடுதல் நேரம் கடிக்கச் சொன்னார்கள். இரத்தம் நின்றது.

மரத்துப்போக ஊசி போட்டிருப்பார்கள், பெரும்பாலும் லிக்னோகெயின். உதடும் நாக்கும் இரண்டு மூன்று மணி நேரம், கீழ்த்தாடை என்றால் அதற்கு மேலும், உணர்வில்லாமல் இருக்கும். அது தெளியும்வரை சாப்பிடக் கூடாது. சூடு தெரியாது, கன்னத்தைக் கடித்துக்கொண்டாலும் தெரியாது. குழந்தைகளுக்குப் பல் எடுத்திருந்தால் பக்கத்திலேயே இருங்கள். மரத்த உதட்டை விளையாட்டாகக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்வார்கள்.

அதற்குப் பிறகு சாப்பாடு. சர்க்கரை உள்ளவர்களுக்கு இது சுவை சார்ந்த விஷயம் இல்லை. வாய் வலிக்கிறது என்று சாப்பாட்டைத் தள்ளிவிட்டு, மாத்திரையையோ இன்சுலினையோ வழக்கம்போல் எடுத்துக்கொண்டால் சர்க்கரை தடாலென்று இறங்கி மயக்கம் வரும். வேளைக்குக் கொஞ்சமாவது உள்ளே போக வேண்டும். நம் சமையலில் இதற்குக் குறைவே இல்லை. குழையப் பிசைந்த தயிர்சாதம், தாளிக்காமல், மிளகாய் இல்லாமல். ஆறவைத்த ரவைக் கஞ்சி. பருப்பும் நெய்யும் விட்டு மசித்த சாதம். பாலில் ஊறிய இட்லி. வாழைப்பழம். அவித்த முட்டையை மசித்தும் கொடுக்கலாம். எல்லாமே ஆறியிருக்க வேண்டும், பல் எடுக்காத பக்கமாக மெல்ல வேண்டும். பொரி, முறுக்கு, மிக்சர், வறுத்த கடலை, மிளகாய் விதை, எள் ஆகியவை ஒரு வாரத்துக்கு வேண்டாம். குழிக்குள் போய் உட்கார்ந்துகொண்டால் எடுக்கத் தோன்றும். எடுக்கப்போனால் ஈர்க்குச்சி வரும். ஈர்க்குச்சி வந்தால் கட்டி போகும்.

காப்பிதான் பெரிய சிக்கல். கும்பகோணத்துக்காரரிடம் போய் ஆறின காப்பியைக் குடி என்றால் என்ன ஆகும்? "இதக் குடிக்கறதுக்குக் குடிக்காமலே இருந்துடலாம்" என்று டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டார். மறுநாள் சாயங்காலம் மிதமான சூட்டில் கொடுத்தபோதுதான் முகம் மலர்ந்தது. முதல் நாள் மோரோடு சமாளித்தார்.

இளநீர் நல்லதுதான். ஆனால் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக் கூடாது. டம்ளரில் ஊற்றிக் குடிக்க வேண்டும். பழச்சாறுக்கும் இதே கதைதான். குளிர்ந்ததைக் கொடுத்தால் சளி பிடிக்கும், ஜன்னி வரும் என்று பயப்படுகிற பெரியவர்கள் இருக்கிறார்கள். முதல் நாள் குளிர்ச்சி நல்லது. இரத்தக் குழாயைச் சுருக்கி, கசிவையும் வீக்கத்தையும் மட்டுப்படுத்தும். சர்க்கரை இல்லாதவர்கள், முந்திரி பாதாம் போடாத ஐஸ்கிரீமைக் கரண்டியால் எடுத்துத் தாராளமாகச் சாப்பிடலாம்.

ஒத்தடமும் அப்படித்தான். நம் வீடுகளில் ஒத்தடம் என்றாலே வெந்நீர்ப் பை, தவிட்டு முடிச்சு, உப்பு முடிச்சு. பல் எடுத்த அன்று சூட்டு ஒத்தடம் கூடவே கூடாது. பனிக்கட்டியை மெல்லிய துண்டில் சுற்றிக் கன்னத்தின் வெளிப்பக்கம் பத்துப் பதினைந்து நிமிஷம் வைத்து எடுத்து, அதே அளவு இடைவெளி விட்டு மறுபடி வைக்கலாம். வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்குப் போகும். இதை முன்பே சொல்லி வைத்தது நல்லதாயிற்று. மறுநாள் காலை கண்ணாடியில் கன்னத்தைப் பார்த்த அத்தை கலங்கவில்லை. அன்று இரவு இரண்டு தலையணை வைத்துத் தலையை உயர்த்திப் படுக்க வைத்தேன். குனிந்து பெருக்குவது, குடம் தூக்குவது, உடற்பயிற்சி எல்லாவற்றுக்கும் இரண்டு நாள் விடுமுறை.

வலிக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையை, மரப்பு தெளிந்ததும் தாமதிக்காமல் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போட்டுக்கொள்வது உத்தமம். வலி முற்றிய பிறகு போட்டால் அடங்க நேரமாகும். மருந்துக்கடையில் தாமாகக் கேட்டு வாங்குவதில்தான் பயம் இருக்கிறது. காம்பிஃப்ளாமில் ஐபுப்ரோஃபென் 400 மில்லிகிராமோடு பாராசிட்டமால் 325 மில்லிகிராமும் இருக்கிறது. அதையும் போட்டு, டோலோ 650-ஐயும் போட்டால் பாராசிட்டமால் இரண்டு வழியாக உள்ளே போகிறது. ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டினால் கல்லீரலுக்கு ஆபத்து. வயதானவர்களுக்கும் கல்லீரல் பலவீனமானவர்களுக்கும் அதற்கும் குறைவாகவே வரம்பு வைப்பார்கள். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. ஈகோஸ்பிரின் சாப்பிடும் அத்தைக்கு அந்த வகையே வேண்டாமென்று பாராசிட்டமால் மட்டும் எழுதியிருந்தார்கள். வலிக்கென்று தனியாக ஆஸ்பிரின் வாங்கிப் போடக் கூடாது, கசிவு கூடும். மாத்திரையைப் பொடித்து வலிக்கிற இடத்தில் வைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அது ஈறை வெந்துபோகச் செய்யும்.

குழியில் எதையும் வைக்காதீர்கள் என்று நான் மன்றாடிச் சொல்வேன். மஞ்சள்தூள், காப்பித்தூள், கிராம்புத் தைலத்தில் நனைத்த பஞ்சு, மூக்குப்பொடி, எதுவுமே வேண்டாம். கிராம்பில் யூஜினால் என்ற பொருள் இருப்பதும், அது வலியைக் குறைப்பதும், பல் மருத்துவர்களே அதைப் பயன்படுத்துவதும் உண்மைதான். ஆனால் அவர்கள் அளவறிந்து, மருந்துக் கலவையாக, தேவைப்பட்ட நாளில் வைக்கிறார்கள். கடையில் வாங்கிய தைலத்தை அப்படியே திறந்த புண்ணில் விட்டால் சதை பொத்துப்போகும்.

24 மணி நேரம் ஆன பிறகு உப்புத் தண்ணீர். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு அரைத் தேக்கரண்டி உப்பு. வாயில் வைத்துக்கொண்டு தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தால் போதும், பிறகு வாயைத் திறந்து தானாக வழியவிட வேண்டும். கடகடவென்று தொண்டை வரை கொண்டுபோய்க் கொப்பளிப்பது இதில் சேராது. சாப்பிட்ட ஒவ்வொரு முறையும், படுக்கும் முன்பும் செய்ய வேண்டும், ஒரு வாரத்துக்கு. மற்றப் பற்களை முதல் நாள் இரவிலிருந்தே மென்மையான பிரஷ்ஷால் துலக்கலாம், குழி இருக்கும் பக்கத்தை மட்டும் ஒதுக்கிவிட்டு. வாய் சுத்தமாக இல்லாவிட்டால் புண் சீழ்பிடிக்கும்.

மூன்றாம் நாளை ஒட்டிக் கவனமாக இருக்க வேண்டும். வலி நாளுக்கு நாள் குறைந்து வருவதுதான் முறை. குறைந்து வந்த வலி, எடுத்த இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் திடீரென்று கூடி, காதுவரை இழுத்து, வாயில் ஒரு துர்நாற்றமும் கெட்ட சுவையும் சேர்ந்தால், கட்டி போய்க் குழி காலியாகிவிட்டது என்று சந்தேகப்பட வேண்டும். பல் மருத்துவர்கள் இதை 'டிரை சாக்கெட்' என்பார்கள். 1896-இல் க்ராஃபோர்ட் என்ற பல் மருத்துவர் எழுதியதிலிருந்து இந்தப் பெயர் வழங்குகிறது. எட்டிப் பார்த்தால் குழியில் கருஞ்சிவப்பு இருக்காது, வெறும் எலும்பு தெரியும். எலும்பு காற்றிலும் எச்சிலிலும் படுகிற வலி மாத்திரைக்கு அடங்காது. சாதாரணமாக எடுக்கும் பற்களில் நூற்றுக்கு இரண்டிலிருந்து ஐந்து வரை இது வருவதாகச் சொல்கிறார்கள். கீழ்த்தாடை ஞானப்பல்லில் இன்னும் அதிகம். சிகரெட், பீடி குடிக்கிறவர்களுக்கும் கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கும் வாய்ப்புக் கூடுதல். ஞானப்பல் எடுத்த என் சிநேகிதி ஒருத்தி, பல் வலியைவிட இது மோசம் என்று அழுதாள். மருத்துவர் குழியைக் கழுவி மருந்து வைத்த சிறிது நேரத்திலேயே அவளுக்கு வலி இறங்கியது. அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருக்க வேண்டியதில்லை. உடனே போக வேண்டும்.

இதற்கு நேர்மாறாக, பயப்பட வேண்டாத ஒன்றுக்குப் பலர் பயப்படுகிறார்கள். சில நாள் கழித்துக் குழியின் மேல் வெள்ளையும் மஞ்சளுமாக ஒரு படலம் தெரியும். சீழ் என்று நினைத்துச் சுரண்டிவிடுவார்கள். அது ஆறிவருவதன் அடையாளம். தொடாமல் விட்டுவிட வேண்டும். வலி கூடினாலோ, நாற்றமும் காய்ச்சலும் சேர்ந்தாலோதான் சீழைப் பற்றி யோசிக்க வேண்டும். சில வாரம் கழித்துப் பொடி எலும்புத் துணுக்கு ஒன்று ஈறைக் குத்திக்கொண்டு வெளியே வருவதும் உண்டு. தானாக விழாவிட்டால் மருத்துவர் நொடியில் எடுத்துவிடுவார்.

மேல்தாடைக் கடைவாய்ப்பல் எடுத்தவர்களுக்கு ஒன்று கூடுதல். அந்த வேர்களுக்கு மேலேயே முகச் சைனஸ் அறை இருக்கிறது. சில சமயம் இரண்டுக்கும் நடுவே வழி ஏற்பட்டுவிடும். மருத்துவர் அப்படிச் சொல்லியிருந்தால் இரண்டு வாரமாவது மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். குடித்த தண்ணீர் மூக்கில் வந்தால் திரும்பப் போய்க் காட்ட வேண்டும். மேல்பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்ற பயத்தில் சொத்தைப் பல்லோடு வருஷக்கணக்கில் கிடந்தவர்களை எனக்குத் தெரியும். பார்வைக்கான நரம்பு வேறு, பல்லுக்கு வருகிற நரம்பு வேறு. பல்லை எடுத்ததால் பார்வை போகாது. சொத்தையில் பிடித்த சீழை எடுக்காமல் விடுவதுதான் ஆபத்து.

இனி வெற்றிலை. அத்தையின் வெற்றிலைப் பெட்டி அவர் கல்யாணத்தில் வந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கை தானாக அதைத் தேடும். பாக்கின் துகளும் சுண்ணாம்பும் திறந்த புண்ணுக்கு ஆகாது, புகையிலை அதைவிடக் கெடுதல். புகையிலை எந்த வடிவில் இருந்தாலும் புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும். புகைப்பவர்கள் குறைந்தது மூன்று நாளாவது தொடக் கூடாது என்கிறார்கள். எனக்கு இதில் இன்னொரு கவலையும் இருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் வெளியிட்ட மதிப்பீட்டில், புகையிலை சேர்க்காத வெற்றிலைப் பாக்கும், பாக்கும்கூட மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்றே வகைப்படுத்தியிருக்கிறது. பல் எடுத்த புண்ணின் மேல்பகுதி மூன்று நான்கு வாரத்தில் மூடிவிட வேண்டும். வெற்றிலை, புகையிலைப் பழக்கம் உள்ளவருக்கு அது மூடாமல் தடித்துக்கொண்டே போனால், சர்க்கரையால்தான் ஆறவில்லை என்று நாமாக முடிவு கட்டக் கூடாது. திசுப் பரிசோதனை செய்து பார்க்க வேண்டும். பயமுறுத்தி அத்தையிடம் வேலை நடக்காது என்று தெரியும். "புண்ணு ஆறட்டும் அத்தை, அதுவரைக்கும் பெட்டி என்கிட்ட இருக்கட்டும்" என்று கேட்டேன். முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார். புண் ஆறிய பிறகும் நான் திருப்பித் தரவில்லை, அவரும் இன்னும் கேட்கவில்லை.

எப்போது நள்ளிரவானாலும் கிளம்ப வேண்டும் என்பதை மட்டும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்தேன், நான் இல்லாதபோது மாமாவுக்குத் தெரிய வேண்டுமே என்று. அழுத்திக் கடித்தும் நிற்காத இரத்தம். 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல். மூன்றாம் நாளுக்குப் பிறகும் பெருகிக்கொண்டே போகும் வீக்கம். தாடைக்கு அடியிலும் கழுத்திலும் வீங்கி, எச்சில் விழுங்க முடியாமல், நாக்கு மேலே தள்ளி, மூச்சுத் திணறுவது. இந்தக் கடைசி ஒன்றில் காலை வரை காத்திருக்கவே கூடாது; பல் மருத்துவமனையைத் தேடாமல் 108-ஐ அழைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மறுநாள் வரை உதட்டு மரப்பு தெளியவில்லை என்றால் அவசரமில்லை, ஆனால் சொல்ல வேண்டும். எலும்பு தேய்மானத்துக்கு அலெண்ட்ரோனேட், ஸோலெட்ரோனேட் போன்ற மருந்து எடுப்பவர்கள் அதைப் பல் எடுக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். அந்த மருந்துகளால் தாடை எலும்பு ஆறாமல் போவது உண்டு.

ஈறு மூடிய பிறகும் உள்ளே எலும்பு நிறைய மூன்று நான்கு மாதம் பிடிக்கிறது. அதற்குள் அக்கம்பக்கத்துப் பற்கள் இடைவெளியை நோக்கிச் சாய ஆரம்பிக்கும், எதிர்த்தாடைப் பல் கீழே இறங்கும். கட்டுப்பல்லா, பக்கத்துப் பற்களைப் பிடித்து நிற்கும் பாலமா, எலும்பில் பொருத்தும் இம்பிளாண்டா என்று தையல் பிரிக்கப் போகும் அன்றே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. அத்தைக்குச் சர்க்கரை அளவு இறங்கட்டும், பிறகு கழற்றி மாட்டும் பல் செய்யலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அளவு இப்போது பரவாயில்லை. தைப்பொங்கல் முடிந்ததும் அளவெடுக்க அழைத்துப் போகிறேன்.